கடைசிச் சில நூறு அடி

பத்மநாதன் மாஸ்டர் சனிக்கிழமை தோறும் ஒரே பொய்யைத்தான் உடைப்பார். கிங்ஸ்பரியில் இருந்து ஒரு பஸ்ஸில் போகக்கூடிய விமானக் காட்சியகம் அது. அங்கே பழைய இரவுச் சண்டை விமானம் ஒன்றின் மூக்கடியில், சம்பளமில்லாத வழிகாட்டிகளுக்குக் கொடுக்கும் நீல ஜாக்கெட்டோடு நின்று, வந்தவர்களை ஆங்கிலத்தில் கேட்பார்: "யுத்த காலத்தில் எங்களுடைய விமானிகளுக்கு இருட்டில் எப்படிக் கண் தெரிந்தது?"

கூட்டத்தில் வயதான வெள்ளைக்காரி ஒருவர் கட்டாயம் இருப்பார். கட்டாயம் சொல்லுவார்: "கரட் சாப்பிட்டதால்."

மாஸ்டருக்கு முகம் மலரும். கரட் அரசாங்கம் பரப்பிய கதை. விமானத்துக்குள் புதிதாக வைத்த ரேடாரை மறைக்கச் சொன்ன கதை. ஜெர்மன்காரர் நம்பினார்களோ தெரியாது, எங்கள் சனம் நம்பியது, இன்னும் நம்புகிறது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். "எங்களுடைய", "எங்கள்" என்று யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் சொல்வதைக் கேட்டு ஓரிருவர் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. மாஸ்டர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சனிக்கிழமை கரட்டைப் பொய் என்று நிரூபிக்கும் இந்த மனிதர், மற்ற ஆறு நாளும் கரட் தின்றுகொண்டிருந்தார் என்பது காட்சியகத்தாருக்குத் தெரியாது. கரட் சம்பல், கரட் போட்ட பருப்பு, பச்சையாகக் கடித்த கரட். மூன்று மாரிகாலமாக மாஸ்டருக்கு இருட்டில் கண் தெரியவில்லை.

மாஸ்டர் என்ற பட்டம் பள்ளிக்கூடத்தால் வந்ததல்ல. கிங்ஸ்பரி, வெம்பிளி, ஹரோ பக்கத்துத் தமிழரில் பெரும்பங்குக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர். ஓய்வுபெறும் வரை இடப்பக்க ஆசனத்தில், காலடியில் உபரி பிரேக் ஒன்றோடு இருந்து, மற்றவர்கள் ஓட்ட அவர் பயந்தார். "மிரரைப் பார் பிள்ளை. அது முகம் பாக்கிறதுக்கு இல்லை" என்ற வசனத்தை இன்று நாற்பது வயதான டொக்டர்மாரும் சட்டத்தரணிமாரும் அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். கலியாண வீட்டில் அவரைக் கண்டதும் எழும்பி இடம் கொடுப்பார்கள். மரியாதை ஒரு பக்கம். ரவுண்டபோட்டில் தாங்கள் அழுததைக் கண்ட ஒரே ஆள் அவர் என்பது மற்றப் பக்கம்.

பழக்க முடியாமல் போனவர் ஒரே ஒருவர்: மனைவி சிவமலர். முதல் பாடத்திலேயே கிளட்சை விடச் சொன்னார், மெல்ல விடச் சொல்ல மறந்தார். கார் துள்ளியது. மாஸ்டர் "மாடு" என்று ஒரு சொல் சொன்னார். சிவமலர் சாவியைக் கழற்றி அவருடைய மடியில் போட்டுவிட்டு, இறங்கி, பஸ் எடுத்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓட்டுபவர் ஒருவர்தான்.

ஊரில் விமானச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய மனிதர், விமானங்களுக்கு நடுவில் நின்று கதை சொல்லுவது எப்படி என்று கேட்கலாம். காட்சியகத்தில் கூட வேலை செய்யும் அழகப்பன் கேட்டிருக்கிறார். அழகப்பன் ஈப்போவில் இருந்து படிக்க வந்து, கணக்காளராகி, திரும்பிப் போகாமல் விட்ட மலேசியத் தமிழர்.

"ஏன் அண்ணே, ஊருல அவ்வளவு குண்டு பாத்துட்டு, இங்க வந்தும் பிளேன்தானா?"

"அசையாத பிளேன் பாக்க வடிவு, அழகப்பன்."

"அது சரி, ஏன் இந்த ராத்திரி பிளேன் மட்டும்?"

மாஸ்டர் சொன்னார்: "பொம்பர் வரேக்கை, அதைத் துரத்தவெண்டு ஒரு பிளேன் மேலை போகுமாம். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை. எப்பிடி இருந்திருக்கும் எண்டு பாக்கிறன்."

அழகப்பன் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கண் விஷயம் முதலில் கார் விளக்குகளில்தான் பிடிபட்டது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் மத்தாப்புப் போல விரிந்து, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போனது. மழை பெய்தால் வீதி முழுவதும் தீபாவளி. கண் டெஸ்டுக்குப் போகலாம்தானே என்றால், போக முடியாத காரணம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் கண் பார்க்கிற கடைகளில் மூன்றில் தமிழ்ப் பிள்ளைகள்தான் வேலை. மூன்று பேரும் அவரிடம் கார் பழகியவர்கள். அவர்களில் கௌசி இரண்டு தரம் பெயிலாகி, அவருடைய ஏச்சு வாங்கி, மூன்றாம் தரம் பாஸானவள். அவளுக்கு முன்னால் நாடியைக் கண் பார்க்கிற இயந்திரத்தில் ஊன்றி, எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லுவதா? வேறு ஊரில் போய்க் காட்டலாம் என்று சிவமலர் சொன்னார். வேறு ஊருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகவேண்டுமே என்றார் மாஸ்டர்.

ஆகவே அவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். இரவுப் பறப்புக்கு முன்னர் விமானிகள் கண்ணை இருட்டுக்குப் பழக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள் என்று வாசித்தவர், குசினிக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு நடமாடத் தொடங்கினார். தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்ட நாளில் சிவமலர் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, இனி இருட்டினாப் பிறகு கார் எடுக்க வேண்டாம்."

"மலர், நான் சொல்லுறதைக் கேள். அந்தக் காலத்திலை பைலட்டுக்கு இருட்டிலை ஒண்டும் தெரியாது. பக்கத்திலை இருக்கிறவன் ரேடாரைப் பாத்துச் சொல்லுவான், இடது, வலது, மெல்ல எண்டு. இவன் அதைக் கேட்டு ஓட்டுவான். அவ்வளவுதான்."

"பக்கத்திலை இருக்கிறது பெண்சாதியோ?"

"கிட்டத்தட்ட."

"அப்ப இதிலை என்ன புதினம்?"

புதினம் இல்லைதான். ஆனாலும் அவர்கள் ஒரு சோடியானார்கள். ஓட்டத் தெரியாத சிவமலருக்கு நல்ல கண். கண் தெரியாத மாஸ்டருக்கு நல்ல ஓட்டம். சிவமலர் தூரத்தை லைட் போஸ்ட் கணக்கில் சொன்னார். "சிவப்பு, மூண்டு போஸ்ட்." "இடப்பக்கம் சைக்கிள், வெளிச்சம் இல்லாதவன்." "ஆள். ஆள். நிண்டிட்டுது, போங்கோ." மாஸ்டர் கேள்வி கேட்காமல் செய்தார். கட்டி நாற்பது வருடம் சொல்லாத அளவுக்கு அந்தக் காருக்குள் சிவமலர் சொன்னார். கட்டி நாற்பது வருடம் கேளாத அளவுக்கு அவர் கேட்டார். கோயிலுக்குப் போய் வந்தார்கள், கடைக்குப் போய் வந்தார்கள், ஒருவருக்கும் தெரியாது. சில நாட்களில் வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டு இருவரும் இருந்து சிரிப்பார்கள். அதில் ஒரு களிப்புக்கூட இருந்தது. இப்படித்தான் பிழைகள் பழக்கமாகின்றன.

அந்த ஐப்பசியில் மகள் சயந்தினி வயிற்றோடு வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம், தாய் வீட்டில் என்று முடிவு. மருமகன் அர்ஜுன் ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் தாதி. அவன் ஷிப்ட் முடித்து ஆற்றைக் கடந்து வந்து சேர்வதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும் என்று சயந்தினி சொன்னாள். மினிகாப் டாக்சி ஒன்றை ஒழுங்குபடுத்தி வைக்கட்டா என்று அவன் கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"வாட் மினிகாப்? அப்பா இருக்கேக்கை? ஹாஃப் ஒஃப் கிங்ஸ்பரிக்கு ஓட்டப் பழக்கினவர், என்னைக் கொண்டுபோய் விடமாட்டாரோ?"

மாஸ்டர் அப்போது கரட் சீவிக்கொண்டிருந்தார். "ஓம் பிள்ளை. ஏன் இல்லை" என்றார். சிவமலர் அவரைப் பார்த்தார். அவர் கரட்டைப் பார்த்தார்.

மார்கழி லண்டனில் வெளிச்சம் ஒரு விருந்தாளி. காலையில் பிந்தி வந்து, பின்னேரத் தேத்தண்ணி முடிய முதல் எழும்பிப் போய்விடும். வயிற்றுவலி பகலில் வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு நாளில் பகல் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்று மாஸ்டர் கணக்குப் பார்த்தார். பார்த்த பிறகு நித்திரை வரவில்லை. மகள் நடக்கும்போது முனகினால் எழும்பி ஜன்னல் சீலையை விலக்கி வானத்தைப் பார்ப்பார். "அப்பாக்கு என்ன, வெதர்மான் வேலையோ?" என்று அவள் சிரித்தாள்.

யுத்த காலத்துச் சோடிகள் இரவுப் பறப்புக்கு முன்னால் பின்னேரத்தில் ஒரு தரம் பறந்து பார்ப்பார்களாம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. மாஸ்டரும் சிவமலரும் மருத்துவமனைக்கு அப்படி ஓடிப் பார்த்தார்கள். முதலில் வெளிச்சத்தில், பிறகு மம்மலில், பிறகு இருட்டில். மகளுக்கு மரக்கறி வாங்கப் போவதாகச் சொன்னார்கள். மூன்று கிழமையில் அந்த வீட்டில் இருந்த வெண்டிக்காயைக் கொண்டு ஒரு கோயில் அன்னதானம் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது இருட்டோட்டத்தில்தான் அது நடந்தது. மருத்துவமனைக்குக் கிட்டவாக ஒரு பாதசாரிக் கடவை. சிவமலர் "சிவப்பு இல்லை, போங்கோ" என்று சொல்லி முடிப்பதற்குள் "ஆள்!" என்றார். மாஸ்டரின் கால் பிரேக்கில் இறங்கியது. கார் நின்றது. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதன், பொனட்டில் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணாடிக்கூடாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாஸ்டர் அவனை அப்போதுதான் கண்டார். அவன் பொனட்டில் ஒரு குத்துக் குத்திவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு போனான்.

"நான் பிந்திச் சொல்லிப்போட்டன்" என்றார் சிவமலர்.

"இல்லை, நீ சரியாத்தான் சொன்னனி. நிண்டிட்டுதுதானே. எங்கடை சிஸ்டம் வேலை செய்யுது."

அன்று வெண்டிக்காய் வாங்க மறந்து போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை வீட்டில் அடைந்து கிடக்க ஏலாது என்று சயந்தினி அடம்பிடித்தாள். தாயையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் காட்சியகத்துக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் சிவமலர் அங்கே காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. இரவுச் சண்டை விமானத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இது மரத்தாலை செய்ததோ?"

"ஓம், ஒட்டுப்பலகை. தளபாடம் செய்த ஆக்கள்தான் செய்தது" என்றார் மாஸ்டர் பெருமையோடு.

"அலுமாரி பறந்ததே?"

அழகப்பன் பின்னால் நின்று சிரித்தார். "அண்ணி கேக்குறது நியாயம்தான் லா."

பிறகு கூட்டம் சேர, மாஸ்டர் தொடங்கினார். கரட் வந்தது, சிரிப்பு வந்தது, ரேடார் வந்தது. விமானி இடப்பக்கம், ரேடார்காரன் அவனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பின்தள்ளி. தோளும் தோளும் முட்டும். சிவமலருக்கு இந்த இடம் வரை கதை தெரியும். குசினியில் கேட்டது. தலையாட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது ஒரு பெண் கேட்டார்: "ரேடார்தான் எல்லாம் சொல்லுமென்றால், விமானிக்குக் கண் எதற்கு?"

இந்தக் கேள்விக்கு மாஸ்டர் எப்போதும் குரலைத் தாழ்த்துவார். "நல்ல கேள்வி. ரேடார் கிட்ட வரைக்கும் கொண்டுபோய் விடும். கிட்டப் போனதும் திரையில் எல்லாம் கலங்கிவிடும். கடைசிச் சில நூறு அடி விமானியின் சொந்தக் கண். கீழே, பின்னால் இருந்து போய், வானத்தின் பின்னணியில் அந்த நிழலைத் தன் கண்ணால் கண்டு, எதிரியா நம் ஆளா என்று தெரிந்த பிறகுதான் சுடலாம். காணாமல் சுட்டால் எங்கள் ஆட்களையே கொன்றுவிடலாம்."

"கருவி பழுதாகிவிட்டால்?"

"'என் ஆயுதம் வளைந்துவிட்டது.' அதுதான் சங்கேத வசனம். வானொலியில் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். அதில் வெட்கமில்லை."

கைதட்டினார்கள். மாஸ்டர் மனைவியின் பக்கம் பார்த்தார், மெச்சுவார் என்று. சிவமலர் தலையாட்டுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. குசினியில் அவருக்குக் கிடைத்தது பாதிக் கதை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாஸ்டருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வாயாலேயே சொன்ன வசனத்தை அவர் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சிவமலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "பிடிக்கேல்லையோ?" என்று மாஸ்டர் கேட்டார். "பிடிச்சது" என்றார் சிவமலர். "முழுக்கக் கேட்டன்."

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் போய்ச் சொற்ப நேரத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த சயந்தினி "அம்மா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. நாற்காலி நனைந்திருந்தது. வெளியே மழை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். உடனே வரச் சொன்னார்கள். அர்ஜுனுக்குச் சொன்னார்கள், அவன் ரயிலுக்கு ஓடினான். மாஸ்டர் சாவியை எடுத்தார். மனதுக்குள் கடவைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு கறுப்புக் கோட்டு நின்றது.

காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். வைப்பர் அடித்தது, தெரு விளக்குகள் விரிந்து சுருங்கி விரிந்தன. சயந்தினி முதுகைப் பிடித்துக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறினாள்.

"பிள்ளை, நீ பின்னுக்கு இரன். அம்மா முன்னுக்கு…"

"அப்பா, பின்னுக்கு என்னாலை ஏலாது! காலை நீட்ட வேணும்."

ரேடார்காரியின் ஆசனம் போய்விட்டது. மாஸ்டர் பின் கதவைப் பார்த்தார், சிவமலர் ஏறுவார் என்று. பின்னால் இருந்தும் சொல்லலாம், கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லலாம். சிவமலர் ஏறவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் நின்றார். பிறகு சுற்றி வந்து, அவருடைய பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார். மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

"என்ரை ஆயுதம் வளைஞ்சு போச்சு" என்றார் சிவமலர்.

"மலர்…"

"இறங்குங்கோ."

"அம்மா, வாட் இஸ் ஹப்பனிங்? ஏறுங்கோ!"

சிவமலர் குனிந்து, கணவரைத் தாண்டி மகளிடம் சொன்னார்: "கொப்பாக்கு இருட்டிலை கண் தெரியாது. நான் சொல்லச் சொல்லத்தான் ஓடுறவர். போன கிழமை ஒரு மனிசனை இடிக்கப் பாத்தவர். நான் சொன்னனான், அவர் காணேல்லை."

மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தெரிவது போல.

"எவ்வளவு நாளா?" என்றாள் சயந்தினி.

"மூண்டு மாரி."

"மூண்டு… அப்பா! போன கிறிஸ்மஸுக்கு அர்ஜுனை ஸ்டேஷனுக்கு… ஆர் யூ…" வலி வந்து அந்த வசனத்தை அறுத்தது. அது போகும் வரை அவள் தகப்பனின் முழங்கையைப் பிடித்து முறுக்கினாள். பிடிக்க வேறு ஒன்றும் கிட்ட இருக்கவில்லை. வலி போனதும் விட்ட இடத்தில் தொடங்கினாள். "…மாடே நீங்கள்?"

அந்தச் சொல்லை அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. மாஸ்டர் இன்ஜினை நிறுத்தினார். சாவியைக் கழற்றினார். "ஓம்" என்றார்.

மினிகாப் வர எடுத்த நேரம் அவருடைய வாழ்க்கையில் மிக நீண்டது. ஓட்டி வந்தவர் பொறுமையான ஆள். பின்னால் தாயும் மகளும் ஏற, மாஸ்டர் முன்னால் இடப்பக்கம் ஏறினார். அவருடைய பழைய ஆசனம். முதல் வளைவிலேயே அவருடைய கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"ஸ்லோ, ஸ்லோ" என்றார் ஓட்டுநரிடம். "லெஃப்ட் சைட். சம்வன் இஸ் ஸ்டாண்டிங்."

ஓட்டுநர் பார்த்தார். "சேர், அது குப்பைத் தொட்டி."

பின்னால் இருந்து சிவமலர் சொன்னார்: "இஞ்சேருங்கோ, வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அந்தாளுக்குக் கண் தெரியுது."

சயந்தினிக்குச் சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்தன. எது எதென்று அவளுக்கே தெரியவில்லை. கறுப்புக் கோட்டுக்காரன் நின்ற கடவையில் யாரும் சொல்லாமலே கார் மெல்லப் போய் நின்றது. யாரோ இருவர் கடந்தார்கள். மாஸ்டர் அவர்களையும் காணவில்லை. கார் நின்றதால் யாரோ கடக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அர்ஜுன் வந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. எல்லாம் சுகம். பேர்த்தியைக் கையில் கொடுக்க முன்னர் சயந்தினி ஒரு நிபந்தனை போட்டாள். கண்ணைக் காட்டும் வரை காரைத் தொடக்கூடாது. மாஸ்டர் தலையாட்டினார். பிறகுதான் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையே அவர் கௌசிக்கு முன்னால் நாடியை வைத்தார். அவள் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள்; இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

"மாஸ்டர், இது புரை. சின்ன ஒப்பரேஷன், அண்டைக்கே வீட்டை போகலாம். ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

மாஸ்டர் இயந்திரத்தில் இருந்து நாடியை எடுத்தார்.

"மிரரைப் பாத்திருந்தாலே வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் கௌசி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்டர்தான் முதலில் சிரித்தார்.

ஒப்பரேஷனுக்குக் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று ஒருவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. கார் வாசலில் நின்றது. ஒரு காலை சிவமலர் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

"நான் பழகப் போறன்" என்றார்.

"ஆரிட்டை?"

"உங்களிட்டை இல்லை."

மாஸ்டர் எழும்பிப் போய், சாவியைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

"பக்கத்திலை இருந்து ஒண்டும் சொல்லமாட்டியளோ?"

"நான் பின்னுக்கு இருக்கிறன்" என்றார் மாஸ்டர், மேசையில் இருந்த கரட் துண்டுகளைத் தள்ளி வைத்துக்கொண்டு. "பேர்த்தியோடை."